மதகு திறக்கும் செய்தி எந்த மொழியில் வரும்?

நீண்ட பதிவு. எல்லைப்புற மாவட்டங்களில் அரசுத் தகவல் தொடர்பு குறித்து ஆய்வு செய்துவரும் நிலையில், ஆய்வேட்டுக்குள் அடங்காத சில எண்ணங்களை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

சில வாரங்களுக்கு முன் பாலக்காட்டில் ஓய்வுபெற்ற மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவரைச் சந்தித்தேன். பணிக்காலத்தின் முற்பாதியைப் பொதுப்பயன்பாட்டு நிறுவனம் ஒன்றிலும் பிற்பாதியை அரசுத் துறை அலுவலகங்களிலும் கழித்தவர். பெயரையும் அலுவலகத்தையும் குறிப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசினார். அவர் வீட்டு அலமாரியில், முப்பதாண்டுக்கால நாளிதழ்க் கத்தரிப்புகள் தேதிவாரியாக ஒட்டப்பட்ட கோப்புகள் வரிசையாக இருந்தன. அமைச்சர் வருகை, துணை மின்நிலையத் திறப்பு, கட்டண உயர்வு குறித்த விளக்கம், தவறான செய்திக்கு மறுப்பு. அத்தனையும் அவர் எழுதி அனுப்பி அச்சேறியவை. புரட்டிக்கொண்டே இருந்தபோது, "சார், நீங்கள் எழுதியதில் பொதுமக்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டது எது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பாலக்காட்டுத் தமிழில் சொன்னார்: "அது எங்க ஜோலியாவே இருக்கலே மோளே. பேப்பர்ல வரணும், மேலே இருக்கறவா பாக்கணும். அதான் ஜோலி."

இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இப்பதிவு. அவரைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. தம் பணியை அவர் நேர்மையாகச் செய்தவர். அப்பணி அவரிடம் எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார். என் கேள்வி, அப்பணி ஏன் அதை மட்டும் கேட்டது என்பது.

பொதுப்பயன்பாட்டு நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பணிக்கு அதன் பிறப்பிலேயே ஒரு கோணல் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவின் மின்சார வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த சாமுவேல் இன்சல், மின் நிறுவனங்களுக்கென்றே தகவல் குழுக்களை அமைத்தார். மின்சாரத்தை அரசு ஏற்று நடத்துவது ஆபத்து என்ற கருத்தைப் பரப்புவது அவற்றின் முக்கியப் பணிகளுள் ஒன்று. 1928இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடத்தத் தொடங்கிய விசாரணையில், மின் நிறுவனங்கள் பாடநூல்களின் உள்ளடக்கத்தில் தலையிட்டதும் பேராசிரியர்களுக்குப் பணம் கொடுத்ததும் வெளிவந்தன. (கல்விப்புலத்தில் இருப்போர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.) மின் நிறுவனத்தின் மக்கள் தொடர்பாளர் என்பவர் முதலில் நிறுவனத்தின் வழக்குரைஞராகவே உருவானார். இந்தியாவில் அத்தகைய நிறுவனங்கள் அரசுடைமையான பின்னும் அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. தனியார் முதலாளி இருந்த இடத்தில் அமைச்சர் வந்து அமர்ந்தார், அவ்வளவே.

இதைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வைத்துப் பார்க்க எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் சித்தூர் வட்டத்துக்காரி. மற்றொன்று, ஓர் அரசு தன் குடிமக்களோடு பேசும் திறன் எவ்வளவு என்பதை அளக்க இவற்றைவிடப் பொருத்தமான நிலப்பகுதி இந்தியாவில் அரிது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940இல் மூணாறுக்கு அருகில்தான் தொடங்கியது. இடுக்கி வளைவு அணையின் மின்திட்டம் 1976இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முல்லைப் பெரியாறு அணை இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. 1886ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகைப்படி அதை இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளம் அணை பாலக்காடு மாவட்டம் முதலமடை ஊராட்சிக்குள் இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி அதை இயக்குவதும் தமிழ்நாடு. பாலக்காட்டிலிருந்து பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை வழியாகத்தான் போக வேண்டும். நிலம் ஓர் அரசுக்கு, சாவி இன்னோர் அரசுக்கு.

இந்த நிலத்தில் வாழ்வோரில் பெரும்பகுதியினர் தமிழர். 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேரளத்துடன் வைத்தபோது எழுந்த விவாதங்கள் நமக்குத் தெரிந்தவை. அவற்றை மீண்டும் கிளறுவது என் நோக்கமன்று. எல்லை எங்கே போடப்பட்டிருந்தாலும் அதற்கு அப்பால் யாரேனும் இருந்திருப்பார்கள். போட்டபின் அவர்களோடு எப்படிப் பேசுவது என்பதே தொடர்ந்து நிற்கும் கேள்வி.

சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமை அலுவலகங்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம். பதிலும் அம்மொழியில் வர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் கற்பனையைக் கவனியுங்கள். குடிமகன் முதலில் எழுதுகிறான், அரசு பின்னர் பதில் தருகிறது. வெள்ள எச்சரிக்கையில் இவ்வரிசை தலைகீழ். அங்கே முதலில் பேச வேண்டியது அரசு. வண்டிப்பெரியாற்றின் கரையில் வசிக்கும் ஒரு தோட்டத் தொழிலாளி, "ஐயா, இன்றிரவு மதகைத் திறப்பீர்களா?" என்று தமிழில் மனுப் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. 2005ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. அதன் நான்காம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, அரசு தாமாக வெளியிடும் தகவல்கள் உள்ளூர் மொழியையும் அப்பகுதியில் பயன்தரக்கூடிய தொடர்பு முறையையும் கருத்தில் கொண்டு பரப்பப்பட வேண்டும் என்கிறது. மாநில மொழி என்று அங்கே சொல்லப்படவில்லை, உள்ளூர் மொழி என்றே சொல்லப்பட்டிருக்கிறது. தகவலறியும் உரிமை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் அமர்ந்திருக்கிறேன். இந்த உட்பிரிவை யாரும் வாசித்துக் கேட்டதில்லை.

முல்லைப் பெரியாற்றில் ஓர் எச்சரிக்கை பயணப்படும் வழியைப் பாருங்கள். நீர்மட்டம் 136 அடியை எட்டியதும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் இடுக்கி மாவட்ட நிர்வாகத்துக்கு முதல் எச்சரிக்கை அனுப்புகிறார்கள். மட்டம் உயர உயர அடுத்தடுத்த எச்சரிக்கைகள். உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த உச்ச அளவு 142 அடி. தமிழ் பேசும் பொறியாளரிடமிருந்து கிளம்பும் அச்செய்தி அலுவலக ஆங்கிலத்தில் மாவட்டத் தலைநகருக்குப் போகிறது. அங்கிருந்து மலையாளத்தில் வட்டாட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் இறங்குகிறது. கடைசியில் ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கி வழியே வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் உள்ள, பெரும்பாலும் தமிழ் பேசும் லயங்களை அடைகிறது. தமிழில் தொடங்கிய செய்தி தமிழரை அடைய இரண்டு மொழிகளைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சில நிமிடங்கள் கழிகின்றன. சில சொற்களும் உதிர்கின்றன.

2021 டிசம்பரில் இரவு நேரங்களில் மதகுகள் திறக்கப்பட்டு, பெரியாற்றின் கரையோர வீடுகளுக்குள் நீர் புகுந்தது நினைவிருக்கலாம். மக்கள் சாலையில் இறங்கினார்கள். உரிய அவகாசத்தோடு தகவல் தரப்படவில்லை என்று கேரளம் குற்றம்சாட்டியது. முதல்வர் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. எந்த அரசின் பக்கம் நியாயம் என்ற விவாதம் தொலைக்காட்சிகளில் பல நாள் ஓடியது. இரு தரப்பின் மக்கள் தொடர்பு இயந்திரங்களும் அந்நாள்களில் முழுவீச்சில் இயங்கியிருக்கும். கத்தரிப்புக் கோப்புகளும் பருத்திருக்கும். அந்தக் கோப்புகளில் படுக்கையை நனைத்துக்கொண்டு எழுந்த குடும்பம் ஒரு சான்றாக இடம்பெற்றிருக்கும். அக்குடும்பத்தை நோக்கி எழுதப்பட்ட ஒரு வரியாவது அவற்றில் இருந்திருக்குமா என்பது என் ஐயம்.

பல ஆண்டுகளாகக் கேரளத்தின் முழக்கம் "தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு" என்பது. சொல்லளவில் மிகச் சிறந்த முழக்கம். மக்கள் தொடர்புத் துறை மாணவருக்குப் பாடமாக வைக்கலாம். ஆனால் அணைக்கு நேர் கீழே வாழும் தமிழர் அதில் எப்பக்கம்? தண்ணீரின் பக்கமா, பாதுகாப்பின் பக்கமா? தேனிக்கும் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் போகும் நீரில் அவர்களுக்குப் பங்கில்லை. பாதுகாப்புப் பற்றிய பேச்சோ அவர்கள் எழுதப் படிக்காத மொழியில் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கமும் மெச்சத்தக்கதாக இல்லை. வைகை அணை 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது என்று கரையோர மக்களுக்கு விடுக்கப்படும் முறை நன்கு நிலைபெற்றது. ஆண்டிபட்டிச் சிறுவனுக்கும் அது தெரியும். அதே பொதுப்பணி மரபு மலைக்கு மேற்கே வாழும் தமிழரை நேரடியாக நோக்கிப் பேசுவதில்லை. அவர்கள் அயல்மாநிலத்தார், அவர்களிடம் பேசுவது அயல்மாநில நிர்வாகத்தின் பொறுப்பு என்பது விதி. விதி சரியாகவே இருக்கலாம்.

பாலக்காட்டுப் பக்கம் வருவோம். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று பழுதாகி, ஏறத்தாழ 20,000 கன அடி நீர் தானாகவே வெளியேறியது. யாரும் திட்டமிட்டுத் திறக்கவில்லை. எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்ததே காரணம். சாலக்குடி ஆற்றின் கரைகளுக்கு எச்சரிக்கை போனது, பேரிழப்பு நேரவில்லை. ஆயினும் அந்த அதிகாலையைத் தகவல் தொடர்பு மாணவியாக நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பொறியாளர், பாலக்காட்டு வனப்பகுதி, திருச்சூர் மாவட்ட ஆறு. மூன்று நிர்வாகங்களுக்கும் பொதுவாக விழித்திருக்க வேண்டிய தகவலாளர் என்று ஒரு பணியிடம் எங்குமில்லை.

மொழி பற்றிச் சொல்லும்போது வழக்கமாக வரும் பதில்: "அங்கே எல்லாருக்கும் மலையாளம் தெரியுமே." உண்மைதான், பேச்சளவில் பெரும்பாலோருக்குத் தெரியும். என் பாட்டி கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசுவார்; மலையாள எழுத்தில் வந்த ஒரு நோட்டீஸை மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியிலிருந்து வரும்வரை மடித்து வைத்திருப்பார். பேச்சிலும் கண்ணிகள் உண்டு. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர். தமிழில் அது பெருக்கு. மலையாள 'முன்னறியிப்பு' கடுமையான எச்சரிக்கை. தமிழ்க் காதில் 'முன்னறிவிப்பு' கூட்டத்துக்கோ மின்தடைக்கோ முன்கூட்டிச் சொல்வது போன்ற மென்மையான சொல். "மாறித் தாமசிக்கணம்" என்று ஒலிபெருக்கி சொன்னால், வேறிடம் போய்த் தங்குங்கள் என்று பொருள். தமிழில் தாமசம் என்றால் காலந்தாழ்த்துதல். நீண்டநாள் அங்கேயே வாழ்ந்தவர் குழம்பமாட்டார். திருமணமாகிச் சென்ற ஆண்டு கம்பத்திலிருந்து வந்த பெண் குழம்பலாம், அதுவும் மழை இரைச்சலுக்கிடையே, நள்ளிரவில். எச்சரிக்கை வாசகம் எழுதுபவர் மனதில் வைக்க வேண்டியது அந்தப் பெண்ணைத்தான்.

எண்களும் இப்படித்தான். இடுக்கி அணையின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து சொல்லப்படுகிறது. முழுக் கொள்ளளவு 2,403 அடி. முல்லைப் பெரியாற்றில் 142. இரண்டையும் ஒரே செய்தியில் கேட்பவருக்கு எது ஆபத்து என்று விளங்காது. தமிழ்நாடு கன அடியில் பேசுகிறது, கேரளம் கன மீட்டரிலும் லிட்டரிலும் பேசுகிறது. 2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி மதகு சோதனையாகத் திறக்கப்பட்டபோது விடப்பட்டது நொடிக்கு 50 கன மீட்டர். அதுவே 50,000 லிட்டர். அதுவே ஏறத்தாழ 1,766 கன அடி. மூன்றும் ஒன்றே. ஆனால் ஐம்பது என்று கேட்டவர் உறங்கியிருப்பார், ஐம்பதாயிரம் என்று கேட்டவர் ஓடியிருப்பார். நிறங்களுக்கும் இதே கதி. அணைகளுக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு. வானிலைத் துறையின் மழை எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அந்த ஆகஸ்டில் இரண்டும் ஒரே நாளில் ஒரே திரையில் ஓடின. 'ஆரஞ்சு' எதற்கு என்று யார் விளக்கியிருப்பார்? அப்பெருவெள்ளத்துக்குக் காரணம் கனமழையே என்று மத்திய நீர்வள ஆணையம் கூறியது. உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞரின் 2019 அறிக்கை அணை மேலாண்மையைக் குறை கூறியது. பொறியியல் வாதத்தில் நான் நுழையவில்லை. ஓர் அடி, ஒரு கன மீட்டர், ஒரு நிறம் என்பவற்றின் பொருளைக் கரையில் இருப்பவரின் முற்றத்து அளவில் சொல்லக்கூடிய ஒருவர் பணியில் இருந்தாரா என்பதே என் துறை கேட்க வேண்டியது. "ஆறு உங்கள் கோயில் படிக்கட்டைத் தொடும்" என்ற வாக்கியத்துக்கு அலகு தேவையில்லை. அதை எழுத ஊரில் நடந்திருக்க வேண்டும்.

பெட்டிமுடியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால், இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளாக வந்து தேயிலை பறித்த குடும்பங்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில். இங்கே மொழி காரணமன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் எச்சரித்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது பொய்யாகும். ஆனால் மின்தடை என்பதைப் பொதுப்பயன்பாட்டு நிறுவனங்கள் நுகர்வோர் குறையாகவே பதிவு செய்கின்றன. மழைக்காலத்தில் மலையில் ஒரு கோபுரம் அணைந்துவிட்டால், அங்கிருப்போர் பேசவும் கேட்கவும் முடியாதவராகிவிட்டனர் என்று பொருள். அதைத் தகவல் துண்டிப்பாக உணர்ந்து, உடனே ஓர் ஆளை அனுப்ப வேண்டியது யாருடைய பொறுப்பு? மின்வாரியத்தினுடையதா, தொலைபேசி நிறுவனத்தினுடையதா, தோட்ட நிர்வாகத்தினுடையதா, மாவட்டப் பேரிடர் அலுவலகத்தினுடையதா? ஒவ்வொன்றிலும் மக்கள் தொடர்பு என்ற பெயரில் ஓர் இருக்கையேனும் இருக்கக்கூடும்.

என் வாதத்துக்கு எதிராக நானே சொல்லக்கூடிய வலுவான செய்தி ஒன்றுண்டு. இடுக்கித் தோட்டங்களில் இன்று தமிழர் மட்டுமில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் அதே லயங்களில் இருக்கிறார்கள். தமிழ் அறிவிப்புப் பலகை அவர்களுக்கு மலையாளப் பலகையைப் போலவே அந்நியம். எனவே இதை மொழியுரிமை வழக்காக மட்டும் நடத்தினால், நாமும் இன்னொரு கூட்டத்தை வெளியே நிறுத்தியவர்களாவோம். சங்கொலிக்கு மொழியில்லை என்பர். 2025 ஜனவரியில் கேரள அரசு தொடங்கிய 'கவசம்' எச்சரிக்கை அமைப்பு அவ்வகையில் வரவேற்கத்தக்கது. ஆனால் சங்கொலி கேட்டதும் எத்திசையில் ஓடுவது என்பதை முன்பே யாரேனும் வந்து, அமர்ந்து, அவரவர் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரலாம். போய் அமர்ந்து சொல்வதற்கு ஒரு மனிதரும் அவருக்கு ஒரு பணி வாழ்க்கையும் வேண்டும்.

பணி வாழ்க்கை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் சந்தித்த அலுவலர் எல்லை வட்டங்களில் ஒருமுறை பணியாற்றியிருக்கிறார். இரண்டாண்டு. "அங்கே போட்டா பனிஷ்மென்ட்னு அர்த்தம்" என்றார். பதவி உயர்வு திருவனந்தபுரத்தில் இருக்கிறது, அமைச்சர் அலுவலகத்துக்கு அருகில். எல்லையில் ஐந்தாண்டு இருந்து, எந்த லயத்தில் யாருக்குக் காது கேட்காது, எந்த மெம்பர் இரவில் தொலைபேசியை எடுப்பார், பூசாரியின் மைக்செட் எவ்வளவு தூரம் கேட்கும் என்று அறிந்து வைத்தவருக்கு ஆண்டறிக்கையில் மதிப்பெண் பெட்டி கிடையாது. பீர்மேட்டிலும் தேவிகுளத்திலும் சித்தூரிலும் இருமொழி எழுதப் பேசத் தெரிந்த தகவல் அலுவலர் ஒருவரை, மின்வாரியமும் நீர்ப்பாசனத் துறையும் பேரிடர் ஆணையமும் பொதுவில் வைத்துக்கொள்ளட்டும். மழைக்கு முன்பு ஒத்திகை நடத்துவதும், மழைக்குப் பின்பு எச்சரிக்கை எத்தனை மணிக்கு எந்த வீட்டை எட்டியது என்று கேட்டு எழுதுவதும் அவர் பணியாக இருக்கட்டும். தேனியிலும் கோவையிலும் அவருக்கு இணையான ஒருவர் இருந்து, இருவரும் ஒருவரையொருவர் நேரடியாகத் தொலைபேசியில் அழைக்க அனுமதி இருக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இரு மாநிலங்களின் தன்மானத்துக்கு ஏதேனும் செலவாகலாம்.

நம் துறைகளையும் கேட்டாக வேண்டும். இதழியல், தகவல் தொடர்பியல் முதுகலைப் பாடத்திட்டங்களில் மக்கள் தொடர்பு என்ற தாள் இருக்கிறது. செய்திக்குறிப்பு எழுதக் கற்பிக்கிறோம், நிறுவனப் படிமம் பற்றிக் கற்பிக்கிறோம். ஒலிபெருக்கியில் முப்பது விநாடி அறிவிப்பு எழுத நான் எங்கும் கற்பிக்கப்படவில்லை. என் முதுகலை வகுப்பில் ஒருமுறை எழுத்துப்பயிற்சிக்கு அதைப் பரிந்துரைத்தபோது, 'அது கிராமசபை வேலை' என்று ஆசிரியர் ஒருவர் சிரித்தார். 2015இல் மூணாற்றில் போனசுக்காக எழுந்த பெண்கள் தம் அமைப்புக்குப் 'பொம்பிளை ஒருமை' என்று பெயரிட்டார்கள். கேரளம் முழுவதும் அச்சொல் யாருடைய மொழிபெயர்ப்பும் இல்லாமல் விளங்கியது. தொழிலாளி தமிழில் பேசினால் மாநிலத்துக்குப் புரிகிறது. மாநிலம் திரும்பத் தமிழில் பேச என்ன தடை என்று அந்தப் பேராசிரியரிடம் கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

விடைபெறும்போது அந்த அலுவலர் ஒரு கோப்பிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். எல்லை வட்டத்தில் இருந்த இரண்டாண்டில், அறுந்து விழுந்த மின்கம்பியைத் தொடாதீர்கள் என்று தமிழில் அவரே எழுதி, அனுமதி கேட்காமல், சொந்தக் காசில் நூறு படி அச்சடித்து லயங்களில் ஒட்டியது. எழுத்துப்பிழைகள் இருந்தன. கத்தரிப்புகளுக்கு நடுவே அது மட்டும் ஒட்டப்படாமல், மடித்துச் செருகப்பட்டிருந்தது. படம் எடுக்கக் கேட்டேன், மறுத்துவிட்டார்.

இத்தகைய தாள்கள் எனக்கு வேண்டும். மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி, கொழிஞ்சாம்பாறை, முதலமடை, அட்டப்பாடிப் பகுதிகளில் மின்சாரம், குடிநீர், அணை, பேரிடர் தொடர்பாகத் தமிழில் அச்சிட்டோ கையால் எழுதியோ ஒட்டப்பட்ட அறிவிப்புகள் யாரிடமேனும் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். ஆண்டும் ஒட்டப்பட்ட இடமும் தெரிந்தால் போதும். எழுதியவர் பெயர் வேண்டாம்.